கத்தோலிக்க வீட்ல புள்ளைங்ககிட்ட அரசியல் பேசறது எப்படி?

கேள்விய மொதல்ல சுருக்கமா சொல்லிடறேன். கும்பகோணம் பக்கத்துலேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா, ரெண்டு பிள்ளைங்க, மூத்தவன் ஒம்பதாவது படிக்கறான். ஃபோன்ல வர்ற வீடியோவெல்லாம் பாத்துட்டு "நம்மள இந்த நாட்ல இருக்க விடமாட்டாங்களாம்மா"ன்னு கேக்கறானாம். மாமனார் ஒரு கட்சி, வீட்டுக்காரர் ஒரு கட்சி, எலக்சன் வந்தா சாமியார் (கோயில் ஃபாதர்) பிரசங்கத்துல ஜாடையா ஏதோ சொல்றாரு, நடுவுல நான் இவனுக்கு என்னத்த சொல்லி வளக்கறதுன்னு கேட்டிருக்கா.

நான் படிச்ச வேதசாஸ்திரி எல்லாம் இல்ல தங்கச்சி. 22 வருஷமா சமூக அறிவியல் டீச்சர், ஞாயித்துக்கிழமை மறைக்கல்வி வகுப்பும் எடுக்கறேன். பூண்டி மாதா கோயிலுக்கு சைக்கிள்ல போற தூரத்துல ஊரு. பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருஷம், பையன் ப்ளஸ் ஒன். உங்க பையன் மாதிரி என் பையனும் ஒரு நாள் ஒரு கேள்வி கேட்டான், நான் சொன்ன மொத பதில் தப்பான பதில், அதையும் சேத்தே சொல்றேன்.

பயப்படறான்னா "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, போய் படி"ன்னு சொல்லாதீங்க. ஒண்ணும் இல்லாம இல்ல. 2025 ஜூலை 25ந்தேதி சத்தீஸ்கர்ல துர்க் ரயில்வே ஸ்டேஷன்ல கேரளாவ சேந்த ரெண்டு கன்னியாஸ்திரிங்கள புடிச்சு, மதமாற்றம் ஆள்கடத்தல்னு கேஸ் போட்டு உள்ள வெச்சாங்க, ஆகஸ்ட் 2ந்தேதி தான் ஜாமீன் கெடச்சுது. நம்ம திருச்சி மாவட்டம் விரகாலூர்ல பொறந்த ஸ்டேன் சாமி ஃபாதர, 83 வயசுல, 2020 அக்டோபர்ல பீமா கோரேகான் கேஸ்ல ராஞ்சில கைது பண்ணி கூட்டிட்டு போனாங்க, நடுக்கு வாதம் உள்ள மனுஷன் தண்ணி குடிக்க ஸ்ட்ராவும் சிப்பரும் கேட்டு கோர்ட்டுக்கு போகவேண்டியதா இருந்துச்சு, ஜாமீன் கேட்டு மனு நிலுவைல இருக்கும்போதே 2021 ஜூலை 5 அன்னிக்கு எறந்துட்டாரு. இதையெல்லாம் பிள்ளைக்கு மறைக்க முடியாது, நாம சொல்லலன்னா ஃபோன் சொல்லும், ஃபோன் சொன்னா இன்னும் நாலு பொய்ய சேத்து சொல்லும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் சொல்லிக் குடுங்க. அரசியலமைப்புல 25வது பிரிவு, மனசாட்சிப்படி நம்பவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை. ஆனா 1977ல ஸ்டனிஸ்லாஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிச்சுன்னா, பரப்பற உரிமைன்னா இன்னொருத்தர மதம் மாத்தற உரிமை இல்லன்னு. இன்னிக்கு பல மாநிலத்துல இருக்கற மதமாற்ற தடைச் சட்டம் எல்லாம் அந்த தீர்ப்ப புடிச்சுக்கிட்டு தான் நிக்குது. தமிழ்நாட்லயும் 2002 அக்டோபர்ல ஜெயலலிதா அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தாங்க, 2004 பார்லிமெண்ட் எலக்சன்ல ஒரு சீட்டு கூட வராம போனதும் அவங்களே வாபஸ் வாங்கிட்டாங்க. எங்க வீட்ல இத சொன்னப்போ பையன் "அப்ப ஓட்டுக்கு பவர் இருக்குல்ல"ன்னான், பாடப் புஸ்தகத்துல நான் பத்து தடவ சொல்லியும் ஏறாதது அன்னிக்கு ஏறிச்சு.

நம்ம ஆளுங்க அனுப்பற ஃபார்வேர்டும் லேசுப்பட்டது இல்ல, அதையும் சொல்லணும். எங்க அன்பியம் (தெருவுல கூடி ஜெபம் சொல்ற குடும்பங்க) வாட்ஸப் குரூப்ல ஒரு நாள் எரியற சர்ச் படம், "வட நாட்டில் நேற்று, ஜெபியுங்கள், பத்து பேருக்கு அனுப்புங்கள்". பையன் உக்காந்து தேடிப் பாத்தான், ஆப்பிரிக்கால எங்கயோ வருஷக்கணக்குக்கு முன்னாடி நடந்த தீ விபத்து. அன்னிலேர்ந்து வீட்ல ஒரே சட்டம், தேதியும் ஊரும் தெரியாத எதையும் அனுப்பக்கூடாது, அது நம்ம பக்கத்து பொய்யா இருந்தாலும் சரி. மணிப்பூர்ல 2023 மே 3லேர்ந்து நடந்த கலவரம் நெசம், அதுக்கு அழுங்க, ஜெபமால சொல்லுங்க, கேள்வி கேளுங்க, ஆனா நெசத்தோட பொய்ய கலந்தா நாளைக்கு நெசத்தையும் எவனும் நம்பமாட்டான்.

அப்புறம் டெல்டா பிள்ளைக்கு டெல்டாவ காட்டுங்க. ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணி கொடியேத்தம்னா ரோட்டோரமா காவி கட்டிக்கிட்டு நடந்து போறவங்கள்ல பாதிப் பேரு நெத்தில திருநீறு இருக்கும். மொட்ட போடறது, தொட்டில் கட்டறது எல்லாம் எந்த மதத்து வழக்கம்னு அங்க யாரும் கணக்கு பாக்கறது கெடையாது. கொஞ்ச தூரம் வடக்க போனா நாகூர், அங்க இருக்கற பெரிய மினாரா 131 அடி, கட்டிக் குடுத்தது தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங். எங்க ஊர்ல மாதா சப்பரம் வர்றப்போ மாரியம்மன் கோயில் தெருக்காரங்க தான் மொத மால போடுவாங்க. வீடியோல வர்ற இந்தியாவையே பாத்துக்கிட்டு இருக்கற பையனுக்கு இத கண்ணால காட்டணும். (சில பேரு இத சொல்லிட்டு "நமக்கு ஒரு பிரச்சனையும் இல்ல"ன்னு முடிச்சுருவாங்க, நான் அப்படி சொல்லல.)

இதுவரைக்கும் சொன்னது எல்லாரும் சொல்றது தான். நான் முக்கியமா சொல்ல வந்தது வேற, நமக்கு வெளிலேர்ந்து என்ன நடக்குதுன்னு பேசற அதே மூச்சுல உள்ளுக்குள்ள நாம என்ன பண்றோம்னும் பிள்ளைகிட்ட பேசணும், அத விட்டுட்டு இத பேசினா அவன் ஒரு நாள் கண்டுபுடிச்சுருவான். என் பையன் கண்டுபுடிச்சான்.

அவனுக்கு அப்ப ஒம்பது வயசு. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். உங்களுக்கு தெரியும், ரெண்டு நாள் முன்னாடியே புல்லு செதுக்கி சுண்ணாம்பு அடிச்சு, சாயங்காலம் செவந்திப் பூவும் மெழுகுவர்த்தியும் பொரியும் எடுத்துக்கிட்டு எல்லாரும் போவோம். எங்க ஊர் கல்லறைல நடுவுல ஒரு செவரு, இடுப்பு ஒசரம் தான், எங்க தாத்தா காலத்து செவரு, பாதி இடிஞ்சு வேப்பங்கன்னு மொளச்சு கெடக்குது, ஆனா அந்தப் பக்கம் யாரு இந்தப் பக்கம் யாருன்னு கண்ண மூடிக்கிட்டு போனாலும் காலு அதுவா நின்னுரும். நாங்க மேலத்தெரு. சாதி பேர சொல்ல வேண்டாம், ஊர்க்காரங்களுக்கு தெரியும், மத்தவங்களுக்கு தேவையில்ல.

சாமியார் வெள்ள அங்கியும் தோள் பட்டையும் (அல்பும் ஸ்டோலாவும்) போட்டு தீர்த்த வாளிய, பூசைல ஒத்தாச பண்ற பீடச்சிறுவன் ஒருத்தன் கைல குடுத்து, ஒவ்வொரு கல்லறையா மந்திரிச்சுக்கிட்டே வருவாரு, எங்க பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு. எங்க அப்பாயி கல்லறைல தாராளமா தெளிச்சாரு, குடும்பம் குடும்பமா நின்னு பேரு சொல்லி ஜெபம் சொன்னாரு. செவத்துக்கு அந்தாண்ட போறதுக்குள்ள இருட்டிருச்சு, வாளில தண்ணி அடில தான் கெடந்துச்சு, நின்ன எடத்துலேர்ந்தே மொத்தமா ஒரு சிலுவ போட்டு ரெண்டு தெளி தெளிச்சுட்டு திரும்பிட்டாரு. அந்தப் பக்கம் இவன் கூட படிக்கற ஒரு பையனோட பாட்டி கல்லறைல மெழுகுவர்த்தி காத்துல அணைஞ்சு போயிருந்துச்சு. என் பையன் எங்க மெழுகுவர்த்திய எடுத்துக்கிட்டு செவத்து மேல ஏறி தாண்டி போய் பத்த வெச்சுட்டு வந்தான். பெருசா ஒண்ணும் நடக்கல. ஒரு பெரியவரு தொண்டைய கனைச்சாரு, என் ஓர்ப்படியா என்ன பாத்தா, அவ்ளோ தான். நான் என்ன பண்ணேன்னா, "டேய் வா, பனி விழுது"ன்னு கைய புடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டேன்.

ராத்திரி சாப்புடறப்போ கேட்டான், "அந்தப் பக்கம் போறப்ப மட்டும் ஏம்மா தண்ணி தீந்து போச்சு"ன்னு. வாளி சின்னதுன்னு சொன்னேன். அதுதான் நான் சொன்ன தப்பான பதில்.

இது எங்க ஊர் கத மட்டும் இல்ல. திருச்சி மேலப்புதூர்ல கல்லறைக்கு நடுவுல இருக்கற செவரு பத்தி எத்தனையோ வருஷமா போராட்டம் நடந்துருக்கு. கோட்டப்பாளையம் பங்குல (ஒரு சாமியார் பாக்கற கோயில் வட்டாரம்) திருவிழாவுலயும் கல்லறையிலயும் ஒதுக்கறாங்கன்னு தலித் கத்தோலிக்கர்கள் போட்ட வழக்கு 2025ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு, அது நம்ம கும்பகோணம் பிஷப்புக்கு கீழ வர்ற மறைமாவட்டம் தான் தங்கச்சி. 2016ல இந்திய ஆயர் (பிஷப்) பேரவையே ஒரு கொள்கை அறிக்கை போட்டு, திருச்சபைக்குள்ள தீண்டாமை இருக்குதுன்னு எழுத்துல ஒத்துக்கிட்டாங்க. எழுத்துல ஒத்துக்கிட்டது பிரசங்கத்துல எத்தன தடவ வந்துச்சுன்னு உங்க பங்குல நீங்களே எண்ணிப் பாருங்க. 18ம் நூற்றாண்டுல கிறிஸ்தவரா மாறின தேவசகாயம் 2022 மே 15 புனிதர் ஆனப்போ அவரு பேருலேர்ந்து "பிள்ளை"ய ரோம்ல எடுத்துட்டாங்க, சாதி பேரோட ஒரு புனிதர் வேண்டாம்னு. எங்க ஊர்ல அடிச்ச திருவிழா நோட்டீஸ்ல பழையபடி பிள்ளைன்னு போட்டு வந்துச்சு, கேட்டா பிரஸ்காரன் தப்பு.

இப்ப 1950 கதைக்கு வரேன், ஏன்னா அரசியல்னு பையன் கேட்டா மொதல்ல சொல்லிக் குடுக்கவேண்டியது இதுதான்னு நான் நெனைக்கறேன். 1950 ஆகஸ்ட் 10, ஜனாதிபதி ஆணை, மூணாவது பாரா. பட்டியல் சாதின்னா இந்துவா இருக்கணும். 1956ல சீக்கியர சேத்தாங்க, 1990ல பவுத்தர சேத்தாங்க, கிறிஸ்தவனும் முஸ்லிமும் இன்னும் வெளில. அதுக்கு தான் வருஷா வருஷம் ஆகஸ்ட் 10 கறுப்பு நாள்னு கோயில்ல கறுப்புக் கொடி ஏத்தறாங்க, பாதிப் பேருக்கு அது எதுக்குன்னே தெரியாது. தமிழ்நாட்ல என்ன ஆகுதுன்னா, காலனிலேர்ந்து ஞானஸ்நானம் வாங்கினவங்க பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு போயிடறாங்க, எஸ்சி இடஒதுக்கீடு 18 சதவீதத்துல எடம் இல்ல, பிற்படுத்தப்பட்டோருக்கான (பிசி) 26.5ல எங்கள மாதிரி நெலம் நீச்சு உள்ளவங்களோட போட்டி போடணும். தனித் தொகுதில நிக்க முடியாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தாது. செவத்துக்கு அந்தாண்ட பொதைக்கறப்ப மட்டும் அவங்க பழைய சாதி, சர்டிஃபிகேட் வாங்கறப்ப அந்த சாதி கெடையாது.

2007ல ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் இத மாத்துங்கன்னு சொல்லிச்சு. 2022ல கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமைல இன்னொரு கமிஷன் போட்டாங்க. 2023 ஏப்ரல்ல நம்ம சட்டசபைல தீர்மானம் போட்டு மத்திய அரசுக்கு அனுப்பினாங்க. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட், புதுச்சேரி வழக்கு ஒண்ணுல, ஞானஸ்நானம் வாங்கி சர்ச்சுக்கு போய்க்கிட்டே வேலைக்காக மட்டும் இந்துன்னு சர்டிஃபிகேட் கேக்கறது அரசியலமைப்புக்கு செய்யற மோசடின்னு சொல்லிருச்சு. சட்டத்த வெச்சு பாத்தா தீர்ப்பு அப்படித்தான் வரும், சட்டம் அப்படி இருக்குது. ஆனா என் வகுப்புல ஒரு பொண்ணு, அவளுக்கு ஸ்கூல் ரெஜிஸ்டர்ல ஒரு இந்துப் பேரு, மறைக்கல்வி நோட்டுல ஒரு கிறிஸ்தவப் பேரு. ஞாயித்துக்கிழமை நான் வாய் தவறி ரெஜிஸ்டர் பேர சொல்லிக் கூப்புட்டுட்டேன், அந்தப் புள்ள மூஞ்சி போன போக்க இன்னும் மறக்க முடியல. யாரு மோசடி பண்றாங்கன்னு என் பையன் கேட்டான், இந்த தடவ வாளி சின்னதுன்னு சொல்லல.

கல்யாணத்துல தான் இது பச்சையா தெரியும். பொண்ணுக்கு வரன் பாக்க ஆரம்பிச்சதும் சொந்தக்காரங்க கொண்டு வந்த மூணு ஜாதகத்துல (ஆமா, ஜாதகம் தான், கத்தோலிக்க வீடு தான்) ஒண்ணு இந்துப் பையன், நம்ம சாதி. "அதனால என்ன, பங்குச்சாமியார் மூலமா ஆயர்கிட்ட எழுதி அனுமதி வாங்கிக்கலாம், எத்தன பேரு வாங்கறாங்க"ன்னு என் நாத்தனார் சொன்னா. சரி, திருச்சபை சட்டத்துல அதுக்கு வழி இருக்குது. நான் சும்மா இருக்காம, "காலனில ஒரு பையன் பாங்க்ல வேல பாக்கறான், தெனம் பூசைக்கு வர்றான், அதுக்கு யாரு அனுமதியும் வேண்டாமே"ன்னேன். ஒரு வாரம் என்கிட்ட பேச்சு இல்ல. வேதம் (மதம்) வேறயா இருந்தா அனுமதி கெடைக்கும், தெரு வேறயா இருந்தா கெடைக்காதுன்னா நம்ம வேதம் எது? பொண்ணு அத கேட்டுட்டு "எனக்கு படிக்கணும், யாரும் எதையும் கொண்டு வராதீங்க"ன்னு முடிச்சுட்டா, புத்திசாலி.

இன்னொண்ணு. டிசம்பர் 25 வந்தா குடில் கட்டி ஸ்டார் போட்டு கேக் வெட்டறதோட, அந்த தேதில 1968ல கீழ்வெண்மணில என்ன நடந்துச்சுன்னும் பிள்ளைக்கு சொல்லிடுவேன். கூலி நெல்லு கூட கேட்டு சங்கமா நின்னதுக்கு 44 பேர, பொம்பளைங்க பிள்ளைங்க தான் நெறைய, ஒரே குடிசைல வெச்சு எரிச்சாங்க. கீழ்க்கோர்ட்டு தண்டன குடுத்த மிராசுதாருங்கள ஐகோர்ட்டு விட்டுருச்சு. எங்கம்மாவுக்கு அப்ப 13 வயசு. சேதி ரெண்டு நாள்ல எங்க ஊருக்கு வந்துருச்சாம், அந்த ஞாயித்துக்கிழமை பூசைல ஒரு வார்த்த வரலயாம், வழக்கம்போல பாலன் பாட்டு தான்னு அம்மா சொல்லும். அவங்க கிறிஸ்தவங்க இல்ல, செங்கொடி சங்கத்துக்காரங்க. அதனால நமக்கென்னன்னு இருந்தோம்னா, மணிப்பூருக்கு அடுத்தவன் ஏன் பேசலன்னு இன்னிக்கு கேக்கற தெம்பு எங்கேர்ந்து வரும்.

ஓட்டு விஷயம். சாமியார் ஜாடையா பேசறத பத்தி கேட்டிருந்தீங்க. திருச்சபை சட்டம் 287, குருக்கள் கட்சி அரசியல்ல தீவிரமா எறங்கக்கூடாதுன்னு சொல்லுது. நீதி நேர்மை பத்தி பேசலாம், பேசணும், இந்த சின்னத்துல குத்துன்னு சொல்றது அவரு வேல இல்ல. எங்க ஊர்ல முன்னாடி இருந்த ஒரு சாமியார் அப்படி சொன்னப்போ, பூச முடிஞ்சதும் எங்க வீட்டுக்காரரு போய் மரியாதையா "சாமி, அத நாங்க பாத்துக்கறோம்"ன்னு சொல்லிட்டு வந்தாரு, சண்டையெல்லாம் ஒண்ணும் வரல. "சிறுபான்மை ஓட்டு மொத்தமா எங்களுக்கு"ன்னு ஒரு கட்சி எழுதி வெச்சுக்கறது எனக்கு எரிச்சலான விஷயம். 2007ல தமிழ்நாட்ல கிறிஸ்தவங்களுக்குன்னு தனியா 3.5 சதவீதம் இடஒதுக்கீடு குடுத்தாங்க, கணக்கு போட்டுப் பாத்தா நமக்கு நஷ்டம்னு நம்ம ஆளுங்களே வேண்டாம்னு சொல்லி 2008ல திருப்பிக் குடுத்தோம். அந்த மாதிரி கணக்கு போடத் தெரிஞ்ச சமூகம் ஏன் எலக்சனுக்கு எலக்சன் பயத்த காட்டினா மட்டும் போதும்னு ஆயிட்டோம்?

எங்க வீட்ல உண்மையான அரசியல் ஈரப்பதம் தான். மாமனாருக்கு ரெண்டு ஏக்கர், நெல்லு 17 சதவீதம் ஈரத்துக்கு மேல இருந்தா சர்க்கார் கொள்முதல்ல எடுக்கமாட்டாங்க, அறுப்பு நேரத்துல மழ பேஞ்சா மூட்ட ரோட்லயே மொளைக்கும். 2018ல சுப்ரீம் கோர்ட், கர்நாடகா நமக்கு விடவேண்டிய காவேரித் தண்ணிய 192லேர்ந்து 177.25 டிஎம்சியா கொறச்சப்போ அவரு ரெண்டு நாள் சரியா சாப்புடல. பைபிள்ல ஆமோஸ் ஆகமத்துல நேர்மை வத்தாத ஆறு மாதிரி ஓடட்டும்னு ஒரு வசனம், வாசகம் வந்த அன்னிக்கு எங்க மாமனாரு "வத்தாத ஆறா, மேட்டூர் தெறக்கட்டும் பாப்போம்"னு பெஞ்சுல உக்காந்தே முணுமுணுத்தாரு. கட்சி வேறயா இருந்தாலும் மாமனாரும் வீட்டுக்காரரும் 2017ல ஓஎன்ஜிசி எண்ணெய்க் குழாய எதிர்த்து நடந்த கதிராமங்கலம் போராட்டத்துக்கு ஒண்ணா தான் போனாங்க. பிள்ளைங்க அத பாத்தாங்க.

மத்த சமூக விஷயமெல்லாம், ஓரினச் சேர்க்கை, கருக்கலைப்பு, இதெல்லாம் என் பொண்ணு நேரா கேப்பா. திருச்சபை போதனை இதுன்னு மறைக்காம சொல்லுவேன், சட்டம் இதுன்னும் சொல்லுவேன், அந்த மாதிரி ஒருத்தர் நம்ம வீட்டுக்கு வந்தா சோறு போட்டு உக்கார வெச்சு பேசணும்னும் சொல்லுவேன். அதுல எனக்கே தீராத சந்தேகம் இருக்குன்னு அவகிட்ட ஒத்துக்கிட்டுருக்கேன். தெருவுல பாதி ஆம்பளைங்க தபசு காலம் 40 நாளு கறியவும் டாஸ்மாக்கையும் விட்டுட்டு உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) மத்தியானமே திரும்பிப் போறாங்க, அத பத்தி கேட்டா தான் எனக்கு பதில் இல்ல.

கல்லறைக்கு வரேன். போன வருஷம் புதுசா வந்த சாமியார் ஒண்ணுமே சொல்லாம வாளிய எடுத்துக்கிட்டு நேரா அந்தப் பக்கம் கோடிக்கு போய் அங்கேர்ந்து மந்திரிக்க ஆரம்பிச்சாரு. எங்க பக்கம் நாலு குடும்பம் மெழுகுவர்த்திய அணைச்சுட்டு வீட்டுக்கு போயிட்டாங்க, எங்க மாமனாரும் தான். இந்த வருஷம் சண்ட வேண்டாம்னு பங்குப்பேரவைல கூடி ஒரு வழி கண்டுபுடிச்சாங்க, ரெண்டு வாளி, பக்கத்து பங்குலேர்ந்து இன்னொரு சாமியார், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல. எல்லாரும் நல்ல முடிவுன்னு கையெழுத்து போட்டாங்க, நானும் அந்தப் பேரவைல இருக்கேன், நான் போடல, ஏன்னு கேட்டாங்க, செவத்த இடிக்க ஒரு தீர்மானம் கொண்டு வாங்க போடறேன்னேன், சிரிச்சாங்க. பீடச்சிறுவர்ல மூத்தவன்னு என் பையன ஒரு வாளி தூக்கச் சொல்லியிருக்காங்க. எந்தப் பக்க வாளின்னு அவன் இன்னும் வீட்ல சொல்லல, மாமனாரும் கேக்கல, நானும் கேக்கல.